ஐந்தாம் தடத்தில் தூக்கிய கை

ஜூன் 4, வியாழன்

வெள்ளைச் சீருடை வந்துவிட்டது. சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாம் வெள்ளை. போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். சூரியன் வெட்கப்பட்டு மேகத்துக்குள் ஒதுங்கியது. அக்கா மட்டும் அசரவில்லை. "என்னடா, பால் வண்டி ஓட்டப் போறியா?" என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும். கண்ணாடிக் கடையில் ஊராரின் கண்ணைச் சோதிக்கும் இந்த எளியவன், லீவு நாட்களில் நீச்சல் குளத்துச் சுவரோரத்தின் சக்கரவர்த்தி. இருபத்தாறு வருடமாகத் திருப்ப நடுவர். நீந்தி வருகிறவர்கள் சுவரைத் தொட்டுச் சரியாகத் திரும்புகிறார்களா என்று குனிந்து பார்ப்பது என் வேலை. தப்பு என்றால் கை தூக்குவேன். கடலே என்னைக் கண்டால் அலைகளை விதிப்படிதான் திருப்பும்.

அடுத்த வாரம் நம் குளத்திலேயே சர்வதேசப் போட்டி. ஆண்கள் இருநூறு மீட்டர் தனிநபர் கலப்பு நீச்சலில் அக்கா மகனும் நீந்துகிறான். பட்டாம்பூச்சி ஒரு நீளம், மல்லாந்து ஒரு நீளம், மார்பு நீச்சல் ஒரு நீளம், கடைசி நீளம் ஃப்ரீஸ்டைல். மார்பு நீச்சலில் அவனை முந்த ஆள் பிறக்க வேண்டும். அதனால் வீட்டில் அவன் பெயர் தவளை.

ஏழு வயதிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம். நீந்தி முடித்ததும் நேரப் பலகையைப் பார்க்க மாட்டான். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைத் தேடுவான். நான் தலையாட்டிய பிறகுதான் பலகை. என் தலைக்குக் கனம் ஏறியதற்கு முழுப் பொறுப்பு அவனே.

ஜூன் 9, செவ்வாய்

நடுவர்கள் கூட்டம். சொந்தக்காரன் நீந்தும் தடத்தில் நிற்கக் கூடாது. நானே எழுந்து சொன்னேன்: ஐந்தாம் தடத்தில் என் மருமகன். சரி, நீங்கள் இரண்டாம் தடம் என்றார் தலைமை நடுவர்.

புதியவர்களுக்கு என் வழக்கமான பிரசங்கத்தையும் செய்தேன். சந்தேகம் வந்தால் அது வீரனுக்குச் சாதகம். நிச்சயமாகப் பார்த்தால் மட்டும் கை. நான் செத்தால் இதைக் கல்லில் வெட்டி வையுங்கள் என்றேன். சிரித்தார்கள்.

தவளைக்கு இருபத்தாறு வயது. இறுதிச் சுற்றுக்குப் போகாவிட்டால் இனி தேசிய அணியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அக்கா நாலு நாளாகச் சாப்பிடவில்லை. கேட்டால் வயிறு சரியில்லை என்கிறாள்.

ஜூன் 12, வெள்ளி

கை தூக்கிவிட்டேன்.

ஜூன் 13, சனி

எழுதித் தொலைக்கிறேன்.

நேற்றுக் காலை தகுதிச் சுற்று. ஐந்தாம் தடத்து நடுவர் ஈரத் தரையில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். மாற்று ஆள் வரவில்லை. தலைமை நடுவர் என்னைப் பார்த்தார். ஐந்தாம் தடம் என் மருமகன் சார் என்றேன். "ரெண்டு நிமிஷ வேலை. உங்களை நம்பாம வேற யாரை நம்புறது?" என்றார்.

அங்கே 'முடியாது' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல். ஆனால் நெஞ்சு பலூன் மாதிரி ஊதிக்கொண்டது. போய் நின்றேன்.

பட்டாம்பூச்சியில் நான்காவது. மல்லாந்த நீச்சலில் மூன்றாவதாக என் சுவரை நோக்கி வந்தான். கலப்பு நீச்சலில் இந்தத் திருப்பம்தான் பொல்லாதது. மல்லாந்தபடியே கை சுவரைத் தொட வேண்டும். தொடும் முன்பே தோள் புரண்டு செங்குத்தைத் தாண்டினால் நீக்கம். தண்ணீர் தெறித்தது. தோள். கை. எது முதலில்?

ஒன்றாகத்தான் தெரிந்தது. ஒரு இமைப்பு. அவ்வளவுதான்.

வேறு யாராவது என்றால் கை தொடையிலேயே இருந்திருக்கும். இருபத்தாறு வருடமாக ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேருக்குக் கொடுத்த சந்தேகத்தை அவனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. 'மாமன் விட்டுவிட்டான்' என்று எவனாவது சொல்வானோ என்று அந்த இமைப்பில் ஒரு பயம். கை தானாக மேலே போனது.

அது தெரியாமல் அவன் மிச்சம் நூறு மீட்டரை நீந்தினான். மார்பு நீச்சலில் இரண்டு பேரை விழுங்கினான். முதலாவதாகச் சுவரைத் தொட்டான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வழக்கம்போல் என்னைப் பார்த்தான். நான் நீக்கச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

தலைமை நடுவர் வந்து கேட்டார், உறுதியா என்று. உறுதி என்றேன். கேமராப் பதிவில் அந்த இடம் முழுக்க நுரை. என் சீட்டுதான் நின்றது.

வீட்டில் அக்கா வாசலை விட்டு நகரவில்லை. "நல்லாப் பாத்தியா? அத மட்டும் சொல்லு," என்றாள்.

பாத்தேன்க்கா என்றேன்.

ஜூன் 14, ஞாயிறு

இறுதிச் சுற்று. தவளைக்குப் பதிலாக, தகுதிச் சுற்றில் ஒன்பதாவதாக வந்தவன் எட்டாம் தடத்தில் நீந்தினான். அவன் விதிப்படிதான் திரும்பினான்.

ஜூன் 19, வெள்ளி

அக்கா பேசுவதில்லை. டீயை மாடிப்படியின் மூன்றாவது படியில் வைத்துவிட்டுப் போகிறாள். நான் இறங்குவதற்குள் ஆடை கட்டிவிடுகிறது. பேரரசருக்குப் படியளப்பு.

கடையில் ஒரு பெரியவர் கண் சோதிக்க வந்தார். வில்லையை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா, அது தெளிவா என்றேன். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே தம்பி, எதைச் சொல்ல என்றார். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம் சார், ஒண்ணும் குடி முழுகிடாது என்றேன். சொன்னதும் வில்லைப் பெட்டியை மூடிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி பின்னால் வந்து தண்ணீர் கொடுத்தார்.

ஜூலை 2, வியாழன்

அணிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு தேர்வுப் போட்டி. அதோடு கதவு மூடல்.

குளத்துக்குப் போனேன். ஐந்து மீட்டர் மல்லாந்து வருகிறான், சுவரைத் தொடுகிறான், ஒரு கணம் அப்படியே கிடக்கிறான், பிறகு திரும்புகிறான். மறுபடி. மறுபடி. நூறு தடவை இருக்கும். மின்னல் மாதிரி இருந்த திருப்பம் மாட்டு வண்டி மாதிரி ஆகிவிட்டது. பயிற்சியாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு திருப்பத்துக்கு முக்கால் விநாடி போகுதுங்க, சொன்னா கேக்க மாட்டேங்கிறான் என்றார்.

ஏண்டா இப்படி என்று அவனிடம் கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்தபடி சொன்னான்:

"எனக்குச் சரியாத்தான் திரும்பின மாதிரி இருந்துச்சு மாமா. ஆனா நீங்க கை தூக்கினா அது தப்புதான். என் உடம்புதான் பொய் சொல்லுது."

அம்மாகிட்டயும் அதையேதான் சொன்னேன், அவங்க பேசுவாங்க, விடுங்க என்றான்.

எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறான்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? ஏன் சொல்லவில்லை? அவன் சொன்னது கேட்க இனித்தது — அதுதான் காரணம். தூ.

ஜூலை 11, சனி

போனேன். சொல்லவில்லை. வேடிக்கையாக ஏதோ பேசிவிட்டு வந்தேன். அவன் சிரித்தான். நான் நல்ல நகைச்சுவையாளன், உலகமே ஒத்துக்கொள்ளும்.

ஜூலை 20, திங்கள்

சொல்லிவிட்டேன்.

உடை மாற்றும் அறை. ஷவர் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டு வந்த அலங்காரப் பேச்சு ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. "எனக்குச் சரியாத் தெரியலடா. தெரியாமலே தூக்கிட்டேன். உன் திருப்பத்துல தப்பு இருந்ததா இல்லையான்னு எனக்குத் தெரியாது," என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்து ஈர நீச்சல் தொப்பியை விரித்தான், மடித்தான், விரித்தான். பிறகு, "வேற யாராவதா இருந்தா தூக்கியிருப்பீங்களா?" என்றான்.

மாட்டேன் என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். இந்தக் கன்னம் என்ன பொன்னால் செய்ததா.

அதே விஷயத்தை எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்பினேன். முடிவு மாறாது என்று தெரியும். சீருடையையும் மடித்துக் கொடுத்துவிட்டேன். அக்காவிடமும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். இன்று சாயங்காலம் மூன்றாவது படியில் டீ இல்லை.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

தேர்வுப் போட்டி. டிக்கெட் எடுத்து, நீலச் சட்டையில், மக்களோடு மக்களாகப் போய் உட்கார்ந்தேன். நாலு வரிசைக்குக் கீழே அக்கா. ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் இருக்கும் பக்கத்தைத் தவளை பார்த்தான். என்னையும் பார்த்திருப்பான். கை அசைக்கவில்லை.

மூன்றாம் தடம். மல்லாந்து வந்தான். பழைய திருப்பம் — மின்னல். தண்ணீர் தெறித்தது. தோள், கை. இங்கிருந்து என்ன தெரியும். அந்தத் தடத்தில் நின்ற இளம்பெண் நடுவர் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள். இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டியே இருந்தன. அதன் பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

முதலாவதாகத் தொட்டான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். என் தலை தயாராக இருந்தது, வெட்கங்கெட்ட தலை.

நேராகப் பலகையைப் பார்த்தான். அவன் வாழ்நாளிலேயே சிறந்த நேரம். தண்ணீரை ஓங்கி அடித்தான். அக்கா எழுந்து நின்று அழுதாள்.

நான் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. பக்கத்து இருக்கைக்காரர், உங்க பையனா சார் என்று கேட்டார்.

"தெரிஞ்ச பையன்," என்றேன்.