பின் அடித்த பாடம்

அப்பாவுக்கு,

எட்டாம் வகுப்பில் நான் வயதுக்கு வந்ததும், என் படம் போட்ட பிளக்ஸை விக்கிரமசிங்கபுரம் பஸ் ஸ்டாண்டில் கட்டி ஊருக்கே சொன்னீர்கள்.

ஆனால் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடத்தை மட்டும் ஸ்டேப்ளர் பின் அடித்து மூடினீர்கள். "ஏட்டி, சின்னப்புள்ளைக்கு இது எதுக்கு?" என்றீர்கள். பரீட்சையில் அந்தக் கேள்விகளை எழுதாமலே வந்தேன்.

நேற்று எனக்குப் பதினெட்டு முடிந்தது. இன்று தரகரிடம் போனில், "சட்டப்படி அவ மேஜர்லா அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வரச் சொல்லுங்க" என்கிறீர்கள். ஒரே ராத்திரியில் எப்படியப்பா வளர்ந்தேன்?

மேஜர்தான். அதனால் மாட்டேன் என்று நானே சொல்கிறேன். அவர்கள் வர வேண்டாம்.

பிடுங்கிய பின்களை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். தங்கச்சி புத்தகத்தில் இருந்தவையும் சேர்த்து.

உங்கள் மூத்த மகள்