தேயாத டிப்

மார்ச் 3, திங்கள்

பட்டறை முதலாளி ரூடி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: டிப் தேயும் வரைக்கும்தான் எனக்கு வேலை.

லேத்தில் எஃகை வெட்டும் சதுரத் துண்டுதான் டிப். எல்லாரும் கோபால்ட் சேர்த்துச் செய்வதை, எங்கள் பட்டறையில் இரும்பு சேர்த்துச் செய்திருக்கிறோம். கோபால்ட் தோண்டுகிற இடத்தில் மண்ணும் மனிதரும் நாசமாம். புது டிப்பின் ஒரு மூலை எத்தனை நேரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். காலையில் மூத்த ஆள் லாயிட் ஓட்டுவார், மதியத்துக்கு மேல் நான். மழுங்கியதும் நான் வீட்டுக்கு.

லேத் சத்தத்தில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்றே பள்ளியை விட்டவள் நான். இப்படி ஒரு வேலை இனிக் கிடைக்குமா?

மார்ச் 5

தேயவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இன்னும் தேயவில்லை. தினமும் ஆள் மாறும்போது ரெனாட்டா உருப்பெருக்கியில் பார்ப்பார். இந்தக் கலவையே அவருடையது. "நேத்து செஞ்ச மாதிரி இருக்கு!" என்று அழுதேவிட்டார். எனக்கும் சந்தோஷம், வேறு காரணத்துக்கு.

தீயணைப்பு நிலைய மீன் விருந்தில், தேயாத டிப் என்று ரூடி ஊருக்கே சொல்லிவிட்டார்.

மார்ச் 12

எஃகு ராடு தீர்ந்துவிட்டது. எஃகுக்கே பேர்போன பிட்ஸ்பர்க் பக்கத்தில், எஃகு இல்லாமல்! ரூடி மச்சானுடைய பளுதூக்கும் ராடைத் தூக்கி வந்தார்.

"எல்லா எஃகும் ஒண்ணு இல்ல ரூடி. கணக்கே கெட்டுடும்," என்றார் ரெனாட்டா.

"அது உனக்குத் தெரியும். டிப்புக்குத் தெரியுமா?"

மச்சான் வாசலில் நின்று சுருள் சுருளாக விழுவதைப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 17

இரண்டு லாரி அச்சு. பாதிரியார் வீட்டு வேலிக் கம்பிகள். பூமியைக் காப்பாற்ற ஊரிலுள்ள இரும்பையெல்லாம் சீவித் தள்ளுகிறோம். வெள்ளிக்கிழமை லாரி கம்பெனியிலிருந்து டிப்பை வாங்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் வெட்ட, தீயணைப்பு நிலைய வாசலில் நிற்கும் பழைய பீரங்கியின் அச்சைக் கேட்டிருக்கிறார் ரூடி. ஊர்ச் சபை சம்மதித்துவிட்டது!

மார்ச் 19

இன்று சீக்கிரம் போனேன். லாயிட் கிளம்புமுன் திருகைத் தளர்த்தி டிப்பை அடுத்த மூலைக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார்:

"மழுங்கின மூலையோட மெஷினை அடுத்த ஆளுகிட்ட விட்டுட்டுப் போறவன் மனுஷனா, பொண்ணு? மூலையெல்லாம் தீந்தா டிராயர்ல புதுசு இருக்கு. தேயிற வரைக்கும் ஓட்டுன்னாங்க. ஓட்டறேன்."

ஐயோ.

நான் வாயைத் திறக்காவிட்டால் இந்த வேலை முடியவே முடியாது. வாய் திறக்காமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. ஆனால் அந்தக் கம்பெனி வாங்கிப் போட்டு, ஒரு மணி நேரத்தில் மழுங்கினால்? ரெனாட்டா பொய் சொன்னதாகத்தானே ஆகும்?

மார்ச் 21, வெள்ளி

பீரங்கி அச்சு லேத்தில் ஏறியது. நிலையத் தலைவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். யாரோ எக்காளம் ஊதினார்கள். நான் சொன்னேன். லேத் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. சிவப்புப் பொத்தானை அறைந்தேன்.

எல்லாம் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"லாயிட் தினமும் மூலையைத் திருப்பிடறாரு."

"பின்னே?" என்றார் லாயிட். "மரியாதை தெரியாதவனா நான்?"

ரெனாட்டா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வாங்க வந்த அம்மாள்தான் முதலில் சிரித்தார். "எங்க பட்டறையிலயும் இப்படி ஒருத்தர் இருக்காரு. சரி, ஒரு மூலை எவ்வளவு நேரம் தாங்குது?"

யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 24

நல்ல ராடு வந்தது. முதலிலிருந்து. லாயிட் டிப்பைத் திருப்பும் திருகுச் சாவியை ரூடி பிடுங்கி வைத்திருக்கிறார்.

மார்ச் 25

தேய்ந்துவிட்டது. தாங்கிய நேரம் கோபால்ட் டிப்பை விடக் கொஞ்சம் குறைவு, மோசமில்லை. பையை எடுத்துக்கொண்டேன். ரூடி வழிமறித்தார்.

"எங்க போற மார்லா? அடுத்த கலவை திங்கக்கிழமை. வாங்க வந்த அந்தம்மா போன்ல இருக்காங்க. மெஷினை நிறுத்தின பொண்ணு சொன்னாத்தான் நம்புவாங்களாம்."

ரிசீவர் சூடாக இருந்தது. எத்தனை நிமிடம் என்று சொன்னேன். மறுமுனையில் எழுதிக்கொள்ளும் சத்தம். இன்னொரு தடவை கேட்டார்.

சொன்னேன்.