கடலுக்குள் இருக்கும் நம் வத்தல் கடை

அன்பு மகள் கலைச்செல்விக்கு அய்யா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆடுகளும் சுகமாக இருக்கிறோம், நார்வே குளிரில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், பக்கத்தில் சுரேஷ் இருந்தால் அவன் முகம் வாடும், அதனால்தான் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், அவசரம் தாயி, முழுக்கப் படி.

நம் குண்டு மிளகாய் வத்தலை ஊரெல்லாம் விற்கலாம் என்று உன் மாமன் மகன் சுரேஷ் போன மாதம் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான் அல்லவா, உனக்குத் தெரிந்தால் குற்றம் சொல்வாய் என்று முடிந்த பிறகு காட்டலாம் என்றான். திறந்தவுடன் நாதஸ்வரம் வாசிக்கும், நிறுத்த வழி கிடையாது. எழுத்தெல்லாம் வெள்ளையில் இளமஞ்சள், ஜோசியர் சொன்ன நிறமாம், வெயிலில் ஒன்றும் தெரியாது. வாங்குகிறவர்கள் அழுத்த ‘வண்டியில் ஏற்று’ என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறான், உன் அம்மா சோதனைக்கு அதை அழுத்திவிட்டு வண்டி வரும் என்று சாயங்காலம் வரை வாசலில் நின்றாள். ‘வீடு’ என்று இன்னொரு பொத்தான், அதை அழுத்தினால் உலகமே நம் வீட்டைப் பார்க்கும் என்று நினைத்துப் பரணையெல்லாம் கழுவிவிட்டாள். இதெல்லாம் பரவாயில்லை, ‘எங்கள் வாசல் எப்போதும் திறந்திருக்கும்’ என்று போட்டு அதன் கீழே ஒரு மேப்பும் வைத்தான் பார், அங்கேதான் வினை.

போன செவ்வாய்க்கிழமை திண்டுக்கல்லிலிருந்து காளிராஜ் என்பவர் போன் செய்தார், ஹோட்டல் வைத்திருக்கிறாராம். “அண்ணாச்சி, உங்க வாசல்லதான் நிக்கிறேன், சரக்கு எடுக்க வந்தேன், கதவத் தொறங்க” என்றார். நான் வெளியே வந்து பார்த்தேன், ஒருத்தரும் இல்லை. “இங்கன ஆடுதான நிக்குது” என்றேன். “இங்கன ஆட்டக் காணமே, அலைதான் அடிக்கிது” என்றார். அம்மா பின்னாலிருந்து, வேப்பமரம் தெரியுதான்னு கேளுங்க என்றாள், கேட்டேன். சுத்தி எங்கயும் மரமே இல்ல என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது, போன் அறுந்துவிட்டது. சுரேஷைக் கூப்பிட்டுக் கேட்டால் மெதுவாகப் பார்த்துவிட்டு, “மாமா, மேப்புல ஒரு நம்பர் மாறிப்போச்சு போல, நம்ம கடை கடலுக்குள்ள கெடக்கு” என்றான். நயினார்கோவில் பக்கத்தில் கரிசலில் கிடக்கும் நம் கடை பெரியபட்டினத்துக்கு நேரே கடலில் கிடக்கிறது. அவன் பைக்கில் ஏறி இரண்டு பேரும் பறந்தோம்.

நடந்தது இதுதான். போன் காட்டிய வழியில் காரை ஓட்டி வந்த காளிராஜ் பெரியபட்டினம் கரையில் நின்றிருக்கிறார், போன் இன்னும் நேரே போ என்றிருக்கிறது. தீவில் கடை போலிருக்கிறது என்று நினைத்து மதார் என்கிற படகுக்காரரைக் கேட்டிருக்கிறார். அவர் முதலில் “அங்கன தண்ணிதாண்ணே” என்றாராம், ஆனால் போனில் நாதஸ்வரமும் நம் கடைப் பெயரும் பார்த்ததும் புதுசாகத் திறந்திருப்பார்கள் போல என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்தில் படகை நிறுத்திக் கடை வரும் என்று காத்திருந்திருக்கிறார்கள். காற்று எழும்பிவிட்டது, அதற்குள் கடலோரக் காவல் படகு வந்து என்ன இங்கே என்று கேட்க, தலை சுற்றலில் இருந்த மனிதர், “சரக்கு வாங்க வந்தேன் சார், ஆள் இப்ப வந்துருவாரு” என்று சொல்லிவிட்டார். சும்மா விடுவார்களா? என்ன சரக்கு என்று அதட்ட, நிரூபிக்க வெப்சைட்டைத் திறந்திருக்கிறார், நடுக்கடலில் நாதஸ்வரம் முழங்கியிருக்கிறது. கல்யாணமா நடக்குது என்றாராம் ஒரு காவலர்.

நாங்கள் போனபோது இரண்டு பேரையும் கரையில் உட்கார வைத்திருந்தார்கள், காளிராஜ் முகம் வெளுத்துக் கிடந்தது, மதாரின் வீட்டார் கொடுத்த இஞ்சித் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டு இது வெறும் வத்தல்தான் என்று விளக்கினேன். சுரேஷ் சும்மா இருக்கக் கூடாதா, “சைட் நல்லாத்தான் சார் இருக்கு, இடந்தான் தப்பு” என்றான். அதிகாரி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சைட்டை வெளியே விடுவதற்கு முன்னால் யாருமே சரிபார்க்கவில்லையா என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “எம் மக நார்வேயில இதத்தான் சார் வேலையாப் பாக்குறா” என்றேன். என்ன வேலை என்று கேட்டார். சொந்தக்காரர்கள் எத்தனையோ தடவை கேட்டும் எனக்குச் சொல்லத் தெரியாத கேள்வி, கம்ப்யூட்டர் என்று சொல்லி மழுப்பிவிடுவேன். அன்றைக்கு என் வாயில் தானாக வந்தது, “ஆளுக கடலுக்குள்ள போயிறாமப் பாத்துக்கிற வேலைங்க சார்” என்றேன். காளிராஜ் எழுந்து நின்று, “அந்தப் புள்ள நல்லாருக்கணும்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது தாயி. எங்களை விட்டுவிட்டார்கள், மனிதர் வீடு வரை வந்து சாப்பிட்டு வத்தலும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

சுரேஷ் இப்போது நீ பார்க்கலாம் என்கிறான், நாதஸ்வரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாமாம். அவன் மனம் நோகுமே என்று நீ பார்க்காதே, அங்கே வெள்ளைக்காரனுக்கு எப்படிச் சொல்வாயோ அப்படியே சொல். ஆனால் அவன் கடவுச்சொல்லை மறந்துவிட்டான், புதுசு வாங்க வேண்டுமென்றால் நீ முன்னே எனக்குத் திறந்துகொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் தகவல் வருமாம், அதைத் திறக்க உனக்குத்தான் தெரியும். மதார் வேறு போன் செய்து, நல்ல இடந்தான், மாத்த வேணாம்ண்ணே என்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. நம் குலசாமி உன்னைக் கூடவே இருந்து காக்கட்டும். திங்கட்கிழமை திருப்பூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வத்தல் வாங்க வருகிறார்களாம், நீச்சல் தெரியுமா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மற்றதை மெல்லத் திருத்து தாயி, முதலில் மேப்பில் நம் கடையைக் காட்டும் அந்தப் புள்ளியை இழுத்துக் கரையில் போடு.

இப்படிக்கு,
உன் அய்யா
முத்தழகு