பாதியில் நிற்கும் முள்

மார்ச் 3, 2025, திங்கள்

ஐம்பத்தெட்டு நாளுக்குப் பிறகு வண்டியில் ஏறினேன். ஓட்டலாம், பாரம் தூக்கக் கூடாது என்றார் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்த டாக்டர். என் மனைவி மாரிலின் அதற்கு "பேசாம வீட்ல இருங்க" என்று பொருள் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. காரைக்கால்மேட்டில் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கும்பகோணம். இத்தனை நாளும் லாரியைத் தனியாக ஓட்டிய அப்ரார் இன்று என் இடப்பக்கம்.

அம்பகரத்தூர் வருவதற்குள் பார்த்துவிட்டேன். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பாதியில் நிற்கிறது. பதினான்கு வருடமாக அது கால்வாசிக்கு மேல் ஏறியதில்லை.

"என்னப்பா இது?"

"வண்டி நல்லாத்தாண்ணே இருக்கு."

எனக்குத் தெரியாதா என் வண்டியை?

மார்ச் 4

இன்றும் பாதி. மயிரிழைகூட ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

மார்ச் 5, சாம்பல் புதன்

பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு ரேடியேட்டரைக் கழுவினேன். நல்ல சட்டை போச்சு. ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. தண்ணீர் குறையவில்லை, எங்கும் ஒழுகவில்லை. அப்ரார் நோன்போடு பக்கத்தில் நின்று தண்ணீர் பிடித்தான். ஏதோ சொல்ல வந்தான் போலிருந்தது. பிறகு குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 7

ஒன்றும் புரியவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம் ஜில்லென்றே இருந்தது. பிறகு சட்டென்று கை வைக்க முடியாத சூடு. முன்பெல்லாம் மெல்ல மெல்லத்தானே ஏறும்? உள்ளே அடைப்பா? அடைப்பென்றால் முள் ஏறிக்கொண்டே போக வேண்டாமா — பாதியில் ஏன் நிற்கிறது?

இன்னொரு கூத்து. காலையில் கக்குகிற வெள்ளைப் புகையைக் காணோம். இழுவை முன்பைவிட நன்றாக இருக்கிறது. காய்ச்சல் அடிக்கிறது, ஆனால் நோயாளி தெம்பாக நடமாடுகிறான். இது என்ன வியாதி?

மார்ச் 9, ஞாயிறு

மெக்கானிக் வைத்தியலிங்கத்திடம் காட்டினேன். அவரும் தலையைச் சொறிந்தார். "கேஸ்கெட் போயிருக்கலாம், தமியேன் சார். எதுக்கும் எஞ்சினைப் பிரிச்சு ஹெட்டை இறக்கிப் பாத்துடுவோம்." இந்தக் கிழட்டு எஞ்சினில் ஒன்றைத் தொட்டால் ஒன்பது இழுக்கும். அதற்குப் பதில் வண்டியையே விற்றுவிடலாம்.

பாரிசிலிருந்து ழுலியேத் அக்காவும் போனில் அதையேதான் சொன்னாள். "வித்துட்டு இங்க வந்துடேன்டா." அப்பா போன பிறகு எல்லோரும் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு கிளம்பினார்கள். நான் மட்டும் லாரி வாங்கினேன். அது போனால் எனக்கு இங்கே என்ன வேலை? பயமாக இருக்கிறது. மாரிலினிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் அக்கா பக்கம் சேர்ந்துவிடுவாள்.

மார்ச் 10

கேட்டுவிட்டேன். ஐஸ் கம்பெனி வாசலில், நாலு பேர் பார்க்க.

"நான் படுத்திருந்தப்ப வண்டிய என்ன பண்ணின? தண்ணி இல்லாம ஓட்டினியா?"

"அப்படிச் செய்வனாண்ணே?"

"பின்ன முள்ளு தானா ஏறிச்சா?"

சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். குற்றம் செய்தவன் முழிக்கிற முழி என்று தோன்றியது எனக்கு. "சாவிய வச்சுட்டுப் போ" என்றேன். பதினோரு வருடம் என்னோடு ஓட்டியவன். சாவியைக் கையில் கொடுத்து, "உடம்பப் பாத்துக்குங்கண்ணே" என்றான். என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 11

அப்ரார் வரவில்லை. வருவான் என்று ஏன் எதிர்பார்த்தேன்? தனியாக ஓட்டினேன். தையல் போட்ட இடம் வலிக்கிறது. முள் அதே பாதி.

மார்ச் 15, சனி

ஹெட்டை இறக்குமுன் அடைப்பைத் தேடிவிடலாம் என்று மேல் ஹோஸைக் கழற்றினேன். எஞ்சினில் அது சேருகிற மூடிக்குள் ஒன்றும் இருக்கக் கூடாது. அங்கே இருந்த தெர்மோஸ்டாட்டை, வண்டி வாங்கிய வாரமே பிடுங்கி எறிந்தவன் நான். எஞ்சினுக்குச் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வு அது. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று அன்றைக்கு லாரிக்காரர்கள் எல்லோருமே பிடுங்கினோம்.

இன்று உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பளபளவென்று, புதுசு.

சமையலறைக்கு எடுத்துப் போய், பால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதைப் போட்டு அடுப்பை மூட்டினேன். கொதி வரப்போகும் சமயத்தில் மெதுவாகத் திறந்தது. எடுத்து ஆறவிட்டேன், மூடிக்கொண்டது. ஒரு கோளாறும் இல்லை. பாதியில் நிற்பதுதான் எஞ்சினுக்குச் சரியான சூடு என்று உறைத்தது.

மாரிலின் எட்டிப் பார்த்தாள். "இது அப்ரார் தம்பி வாங்கிட்டு வந்ததுல்ல? எஞ்சின் இத்தனை வருஷமா சூடே ஏறாம ஓடுது, சீக்கிரம் தேஞ்சு போயிடும்னாரு. என்கிட்ட காட்டிட்டுத்தான் மாட்டினாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கழட்டி எறிஞ்சிடுவீங்கன்னுதான். நீங்களே ஒருநாள் வண்டி நல்லா ஓடுதும்பீங்க, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தோம்."

அவன் நோன்புக்காக லீவில் இருப்பதாக அவளிடம் புளுகியிருந்தேன். நடந்ததை அப்போதுதான் சொன்னேன். பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

வால்வைத் திரும்ப மாட்டினேன். பூசையில் மனம் நிற்கவில்லை.

அன்று அவன் வாய் திறந்திருந்தால், தப்பு உங்களோடதுண்ணே என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதற்காக வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். நான்? வண்டி கெட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். ஐம்பத்தெட்டு நாள் நான் இல்லாமல் அது முன்பைவிட நன்றாக ஓடியிருக்கிறது, அதைத்தான் தாங்க முடியவில்லை. சீ, என்ன மனுசன் நான்!

மார்ச் 18

நோன்பு திறக்கும் நேரத்தில் அப்ரார் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா சுல்தான் பீவி கஞ்சி கொடுத்தார். நாகூரில் வேறொருவர் லாரிக்குப் போகத் தொடங்கிவிட்டானாம். தப்பு என்னுடையது என்றேன்.

"விடுங்கண்ணே. பெருநாள் கழியட்டும், யோசிக்கிறேன்" என்றான்.

சுல்தான் பீவி விடவில்லை. "பேசுனது நாலு பேர் முன்னாடிதானே தம்பி? இங்க வந்து எங்கிட்ட சொன்னா போதுமா?"

மார்ச் 19

சொன்னேன். அதே வாசலில், அதே ஆட்கள் ஐஸ் உடைத்துக்கொண்டிருக்கும்போது. ஒருவன் சிரித்தான். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

பெருநாள் கழிந்து திரும்பி வந்த அப்ரார் ஓட்டினான், நான் இடப்பக்கம். அரசலாற்றுப் பாலத்தில் கேட்டேன்.

"நான் படுத்திருந்தப்ப வேற என்னென்ன மாத்தின?"

கியரை மாற்றினான். "இன்னும் மூணு இருக்குண்ணே."

"சொல்லு."

சொன்னான். மூன்றும் நான் செய்துவைத்திருந்ததை அவன் சரிசெய்தவை. முதலாவதிலேயே எனக்குச் சுர்ரென்று வந்தது. 'கழட்டு' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கி, திருநள்ளாறு தாண்டும்வரை பாதியில் நிற்கும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.