கன்ட்ரோலுக்குக் கொடுத்த ரத்தம்

மேசை இழுப்பறையைத் துடைக்கும்போது உன் நீல ரப்பர் பட்டை கையில் வந்தது. ரத்தம் எடுக்குமுன் மேல்கையில் இறுக்கிக் கட்டுவோமே, அது. ஸ்பிரிட் வாசனை இன்னும் லேசாக ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மிச்ச இழுப்பறையையும் துடைத்து முடித்தேன்.

நீ இறந்துபோனதிலிருந்து எனக்கு இப்படித்தான். ஆஸ்டின் டவுன் வீட்டு வாசலில் உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அவர் புடவையில் என்ன சோப்பு வாசனை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வகத்தில் என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால், நீ சொன்னதைத்தான் இன்றும் சொல்கிறேன். "கல்யாண வீட்டுல லைட்டு போடறாங்க இல்ல, விருந்து முடிஞ்சா யாராவது அணைக்கணும்." கிருமி வந்தால் வெள்ளை அணுவில் சில மரபணுக்கள் விழிக்கும், அணு பெருகும். வேலை முடிந்ததும் அவை அடங்க வேண்டும். அடங்காவிட்டால், நம்மைக் காக்க வந்த அணுவே புற்றாகும். எது அவற்றை அணைக்கிறது, ஏன் சிலருக்கு அணைவதில்லை என்பதுதான் நம் ஆராய்ச்சி.

நோயாளிகளின் ரத்தம் மருத்துவமனையிலிருந்து வரும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும், அதுதான் கன்ட்ரோல். அதற்கு நம் இடத்தில் யாரும் வெளியே தேடியதில்லை. உள்ளே யாராவது கையை நீட்டுவார்கள். யாராவது என்றால், நம்மைப் போலக் கான்ட்ராக்டில் இருப்பவர்கள். பெரியவர்கள் சட்டைக் கையை மடித்து நான் பார்த்ததில்லை. நரம்பு நன்றாகத் தெரியும் என்பதால் பெரும்பாலும் நீதான். "என்னப் பசுமாடு ஆக்கிட்டீங்கடி. கறக்க மட்டும் வர்றீங்க, புல்லு எங்க?" என்று கேட்டு, ஒரு பாதாம் பால் வாங்கிக்கொண்டுதான் விடுவாய்.

கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டிய சமயத்தில் ஒரு நாள் உன் ரத்தம் கோணலாக வந்தது. அடங்கியிருக்க வேண்டிய மரபணு ஒரு கொத்து அணுக்களில் விழித்துக்கொண்டிருந்தது.

"பாருடி, கன்ட்ரோலே பேஷன்ட் மாதிரி நிக்குது" என்றேன்.

"ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்கும்" என்றாய். அணுக்களுக்கு நிறமேற்றும் அந்த மருந்தில் புதுப் புட்டி திறந்தோம். அப்படியே வந்தது. அணுக்களை அளந்து படம் காட்டும் இயந்திரத்தைக் கழுவினோம். மறுபடி உன் கையில் ஊசி. அப்படியே வந்தது.

நம் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வழியை நீதான் சொன்னாய். "கன்ட்ரோல் சரியில்லன்னா ஆளை மாத்து. வா, கையக் காட்டு." என் ரத்தத்தை எடுத்தாய். படம் பாடப்புத்தகத்தில் உள்ளது போல வந்தது. "ஆயித்து, முடிஞ்சுது!" என்று மேசையைத் தட்டினாய். பொம்மனஹள்ளியில் பிரியாணி சாப்பிட்டோம். பசியில்லை என்று பாதியை என் தட்டில் தள்ளினாய்.

வெள்ளை அணுப் புற்றான லிம்போமாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த இரண்டு பேர். இயந்திரத்தைச் சந்தேகப்பட்டோம், மருந்தைச் சந்தேகப்பட்டோம். உன்னைச் சந்தேகப்பட இருவருக்கும் தோன்றவில்லை. குழாயின் மேல் 'ஆரோக்கியமானவர்' என்று நீயே எழுதியிருந்தாயே.

பிறகு உன் கழுத்தில் கட்டி வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். டாக்டரிடம் போகலாம் என்றேன். "கான்ட்ராக்ட் கையெழுத்து ஆகட்டும்டி. இப்ப லீவு கேட்டா, என் சீட்டுக்கு இன்னொருத்தி வாசல்ல நிக்கறா" என்றாய். பொய்யில்லை. நமக்கு நோய் வந்தால் விடுப்பு கிடையாது, காப்பீடு கிடையாது. புற்றுநோயை ஆராய்வதற்குச் சம்பளம் உண்டு, புற்றுநோய் வருவதற்கு அனுமதி இல்லை. கையெழுத்தானது. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனாய்.

நமக்கு ரத்தம் அனுப்பும் அதே மருத்துவமனை. டாக்டர் காகிதத்தில் வட்டம் போட்டு அணு, மரபணு என்று ஆரம்பித்தார். "கொத்து சார், நம்தூ அதே கெலச" என்று கன்னடத்தில் சொன்னாய். தெரியும் சார், எங்க வேலையும் அதுதான். அவர் பேனாவை மூடிவிட்டார்.

நம் நடைக்கூடத்துச் சுவரொட்டி இன்னும் இருக்கிறது. 'ஆய்வகத்திலிருந்து நோயாளி வரை.' நோயாளி மூன்றாவது மேசையில் உட்கார்ந்து பிப்பெட் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வரை எதுவும் வந்து சேரவில்லை.

இப்போது கட்டுரை எழுதுகிறோம். உன் அளவுகளை என்ன செய்வது என்று ஆய்வகத் தலைவரிடம் கேட்டேன். "கன்ட்ரோல்ல வைக்க முடியாது. நோயாளின்னு வைக்க அவங்க சம்மதம் வாங்கலை. எடுத்துடும்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை, விதி அப்படி. எடுத்துவிட்டேன். ஆரோக்கியமானவர்களில் நீ இல்லை, நோயாளிகளிலும் இல்லை. அன்றும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. டீ குடிக்கப் போனேன்.

போன வாரம், கல்புர்கியிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் கன்ட்ரோலுக்குக் கொடுத்த ரத்தம் கோணலாக வந்தது. "ரத்தம் குடுக்கற ஆளை மாத்துங்க, நேரமாகுது" என்று பக்கத்து மேசையிலிருந்து குரல் வந்தது. நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவளை மருத்துவமனைக்கு ஆட்டோவில் ஏற்றினேன். ஓசூர் ரோடு முழுக்க "ஏனாயித்து அக்கா, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கழுத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். இன்னும் பயந்துவிட்டாள்.

அவளுக்கு ஒன்றுமில்லை. நிஜமாகவே புட்டிதான் கெட்டுப்போயிருந்தது. ஆய்வகமே சிரித்தது. "டாக்டரம்மா, எனக்கும் கொஞ்சம் தலைவலி, ஆட்டோ சொல்லவா?" என்று இன்று காலைகூட ஒருவன் கேட்டான்.

ரிப்போர்ட் வந்தபோது அவள் மருத்துவமனைப் படியில் நின்று தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். என்னைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். பைத்தியக்கார அக்கா என்றுதான் இருக்க வேண்டும். திரும்பி வந்த ஆட்டோவுக்குச் சில்லறையை மூன்று முறை எண்ணினேன், கணக்கு வரவில்லை, அவள்தான் கொடுத்தாள்.

சிரிக்கட்டும். இனி யாருடைய ரத்தம் கோணலாக வந்தாலும் நான் முதலில் அந்த ஆளிடம்தான் போவேன். புட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.