சுரேந்தருக்குத் தவறான பயிற்சி

கண்ணு,

இன்று எழுந்ததும் அடுப்படிக்குப் போகாமல் உன் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நீ விளையாடும் ஆன்லைன் கிரிக்கெட் கேமில் உன் அணியின் இளம் வீரர்களுக்கு இந்த வாரப் பயிற்சியைக் குறித்தேன். சுரேந்தருக்கு மறுபடியும் பேட்டிங்தான் போட்டேன்.

அவன் வேகப்பந்து வீசுகிறவன் என்று எனக்குத் தெரியும். முன்பு ஒருமுறை தெரியாமல் அப்படிப் போட்டபோது, "ஐயோ அம்மா, அவன் பௌலர். சும்மனே பையனைக் கெடுக்காதே, தள்ளு" என்று என்னை நாற்காலியோடு நகர்த்திவிட்டு நீயே மாற்றினாய். இப்போது வேண்டுமென்றேதான் போடுகிறேன். எங்கே இருந்தாலும் ஒரு நாள் இதைத் திறப்பாய், பார்த்ததும் பொறுக்காமல் திருத்துவாய். அந்த ஒரு திருத்தம் போதும் எனக்கு.

இதுவரை யாரும் தொடவில்லை. பாவம், அவன் பந்துவீச்சுதான் வாரா வாரம் இறங்குகிறது.

அப்பாவோடு சண்டை போட்டு நீ வெளியேறியதிலிருந்து உன் ஃபோன் அணைந்தே கிடக்கிறது. உன் தோழி வைஷாலிக்கும் தகவல் இல்லை. "போலீசுக்குப் போனா நம்ம மார்டள்ளி ஏரியால நான் தலை காட்ட முடியுமா? கோவம் தணிஞ்சா அவளே வருவா, கம்முனு இரு" என்கிறார் அப்பா. சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தபடி வாசலையே பார்க்கிறார்.

வேறு முகவரி தெரியாததால் இதை உன் அணியின் செய்திப் பெட்டியில் எழுதுகிறேன்.

அவர் ஹெப்பாளுக்குக் கம்பெனி பஸ் ஏறியதும், உன் போட்டோவை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

உன்
அம்மா