வாசனை வராத காபி

3 பிப்ரவரி 2025

இன்றும் காபியில் வாசனை இல்லை. ஜனவரியில் சுரம் வந்து எழுந்ததிலிருந்து இதே கதைதான். நான் படுத்திருந்த வாரத்தில் அயூப் கடையில் எதையோ மாற்றிவிட்டார். கலப்பில்லாத பொடி என்று சொல்லி சிக்கரியைக் கலக்கிறார், வேறென்ன? இருபத்திரண்டு வருஷமாக வாங்குகிறவன், கேட்கவா போகிறான் என்ற தைரியம்.

என் மனைவி சரோஜினி, "நன்னாத்தானே இருக்கு" என்கிறாள். அயூப்பின் மனைவி ஜெய்னபும் இவளும் சிநேகிதிகள். விட்டுக்கொடுப்பாளா?

5 பிப்ரவரி

கடைக்கே டம்ளரில் தண்ணீர் கொண்டுபோனேன். காபிப்பொடி மிதக்கும், சிக்கரி கீழே இறங்கும். நாலு பேர் பார்க்கப் போட்டேன். மிதந்தது. "சோதனைக்கென்று நல்ல டப்பா தனியாக வைத்திருப்பீர்கள்" என்றேன், சத்தமாகவே.

அயூப்பின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னா சார், இத்தினி வருசம் பழகிட்டு இப்டி பேசறீங்க? நம்பிக்க இல்லேன்னா வேற கடை பாத்துக்கங்க."

எதற்கு வேறு கடை? நானே வறுத்துக்கொள்கிறேன்.

8 பிப்ரவரி

முப்பது வருஷம் மறைமலை நகரில் கார் பாகங்களைச் சோதித்துத் திருப்பி அனுப்பியவன் நான். என்னிடமா?

மின்சாரத்தில் வறுக்கும் மெஷின் ஒன்றை நெட்டில் பார்த்தேன். பாராட்டி எழுதிய பதினோரு பேரும் "அருமையான அனுபவம்" என்கிறார்கள். ஒரே ஆள் எழுதியது. பாப்கார்ன் மெஷினே போதும் என்று ஒரு வீடியோ. அவன் பாப்கார்ன் மெஷின் விற்கிறவனாக இருப்பான். இரும்பு வாணலி வீட்டிலேயே இருக்கிறது, ஆனால் பாதி கருகும், பாதி பச்சையாக நிற்கும்.

9 பிப்ரவரி

நாவலூரில் சாலமன் என்று ஓர் ஐ.டி. பையன், கையால் சுற்றிக் கொட்டை வறுக்கும் உருளையைச் சல்லிசாக விற்கிறான். ஏன் சல்லிசு?

"பெங்களூருக்கு மாத்திட்டாங்க சார், அவ்ளோதான்."

உருளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குறையில்லை. சூடு பார்க்கும் மீட்டர் எங்கே என்று கேட்டேன்.

"புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அதெல்லாம் வேணாம் சார். மூக்கு போதும். புல் வாசனை போய் ரொட்டி வாசனை வரும். அப்புறம் படபடன்னு வெடிக்கும். கொஞ்ச நேரத்துல இறக்கிடுங்க."

மீட்டரைத் தர மனமில்லாமல் ஒரு கதை. அவனிடம் மிச்சமிருந்த பச்சைக் கொட்டையையும் சேர்த்து வாங்கித்தான் வந்தேன்.

12 பிப்ரவரி

பால்கனியில் அடுப்பை வைத்துச் சுற்றினேன். ரொட்டி வாசனைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பச்சைக் கொட்டையிலும் ஏமாற்றிவிட்டானா? படபடவென்றது. வாசனை வராமல் எப்படி இறக்குவது? சுற்றினேன். புகை வந்தது. வறுத்தால் புகை வராதா? மேலும் சுற்றினேன்.

கீழே காய் வாங்கிக்கொண்டிருந்த சரோஜினி ஓடிவந்தாள். "ஏன்னா! மாடிப்படி வரைக்கும் தீயறதே, மூக்கில்லையா உங்களுக்கு?"

மிகைப்படுத்துகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்தாள். உள்ளே போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து என் மூக்கடியில் நீட்டினாள்.

ஒன்றுமில்லை.

ஐயோ, நாலு பேர் முன்னால அந்த மனுஷனைப் போயி...

13 பிப்ரவரி

டாக்டர் பார்த்தார். சுரத்தோடு போனதாம். திரும்பலாம், நாளாகலாம். இன்னொரு டாக்டரிடம் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை.

15 பிப்ரவரி

அயூப் கடை. கூட்டம் குறையட்டும் என்று முதலில் நின்றேன். பிறகு, நாலு பேர் முன்னால் பேசியதை நாலு பேர் முன்னால்தானே திரும்ப வாங்கவேண்டும்? வெட்கமாகத்தான் இருந்தது. வீட்டில் வறுத்துக் கருக்கியதையும் மூக்கு விஷயத்தையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன்.

அவர் உடனே சிரிக்கவில்லை. பச்சைக் கொட்டை அரைக் கிலோ நிறுத்துக் கட்டினார். "மூக்கு இல்லாம எப்டி சார் வறுப்பீங்க? வூட்ல அக்காவ பக்கத்துல குந்த வெச்சுக்கங்க."

23 பிப்ரவரி

சரோஜினி பால்கனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் சுற்றினேன். "புல்லு... இன்னும் புல்லுதான்... இப்போ ரொட்டி." படபடவென்றது. கைப்பிடியை விடப்போனேன். "இன்னும் கொஞ்சம்" என்றாள். சுற்றினேன். "போறும்." நிறுத்தினேன்.

ஆறவைத்து அரைத்து, டிகாக்‌ஷன் போட்டாள். எனக்குச் சூடும் கசப்பும் மட்டும்.

"எப்படி இருக்கு?" என்று அவளைக் கேட்டேன்.

"அயூப் பாய் கடைப் பொடி மாதிரியே இருக்கு."

சரி என்றேன். பொடியைச் சோதிக்க டம்ளரில் தண்ணீர் எடுக்கவில்லை.